எதற்காக விஸ்காம்? துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

விஸ்காம், இதழியல், மின்னணு ஊடகம் என்று பல பெயர்களில் தமிழகக் கல்லூரிகளில் ஊடகப் பட்டம் கற்பித்துவரும் ஆசிரியர்களே, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களே, அந்தத் துறைகளை நடத்தும் நிர்வாகத்தினரே,

பிளஸ் டூ முடிவு வெளியானதும் உங்கள் சேர்க்கை மேசைக்கு முன்னால் பெற்றோர் வந்து உட்கார்ந்து கேட்கும் கேள்வி உங்களுக்கு மனப்பாடம்: "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" அதற்கு நீங்கள் சொல்லும் பதிலும் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றுதான். ஸ்டூடியோவைக் காட்டுகிறீர்கள். எடிட்டிங் லேபில் வரிசையாக நிற்கும் கணினிகளைக் காட்டுகிறீர்கள். சினிமாவில் பெயர் வாங்கிய முன்னாள் மாணவர் யாராவது இருந்தால் அவர் படம் போட்ட பேனரையும் காட்டுகிறீர்கள். பையனுக்கு ஏற்கெனவே ஆசை இருப்பதால் பெற்றோர் அரைமனதோடு கையெழுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு என்பதால் கட்டணமும் அதிகம். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் தவறு என்பதைச் சொல்லவே இந்த மடல். ஊடகப் படிப்பு வீண் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு இன்று தேவைப்படுவதுபோல் இதற்குமுன் எப்போதும் தேவைப்பட்டதில்லை என்று நம்புகிறேன். ஆனால் தேவைப்படுகிற படிப்பு ஒன்று, நீங்கள் விற்றுக்கொண்டிருக்கும் படிப்பு வேறொன்று.

முதலில் சினிமாவைப் பேசிவிடுவோம். உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். மணிரத்னம் நிர்வாகவியல் படித்தவர். கார்த்திக் சுப்பராஜ் பொறியியல். லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்தவர். மாரி செல்வராஜ் சட்டக் கல்லூரியில் படித்தவர். பா. ரஞ்சித் வந்தது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலிருந்து. தமிழ் சினிமா ஆளெடுக்கும்போது பட்டத்தைக் கேட்பதில்லை. உதவி இயக்குநராக எத்தனை வருடம் நின்றாய், என்ன குறும்படம் எடுத்தாய் என்றுதான் கேட்கிறது. ஒரு தலைமுறை இயக்குநர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' என்ற குறும்படப் போட்டி; எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் அதைச் செய்யவில்லை. சினிமாத் தொழில்நுட்பத்தையே முறையாகப் படிக்க விரும்புகிறவருக்கு 1945இல் தொடங்கி இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இயங்கும் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. இத்தனையும் தெரிந்தவர்கள் நீங்கள். தெரிந்தும் சினிமா ஆசையை முன்வைத்து மாணவர்களைச் சேர்ப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

அடுத்து கருவி. ஒரு காலத்தில் கேமராவைத் தொட்டுப் பார்க்கவே ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்தாக வேண்டியிருந்தது. எடிட்டிங் மேசை ஊருக்கு ஒன்றுகூடக் கிடையாது. அப்போது ஸ்டூடியோ வைத்திருந்த கல்லூரிக்கு மதிப்பு இருந்தது, நியாயம்தான். இன்றைக்கு உங்கள் முதலாண்டு மாணவி சேர்க்கைக்கு வரும்போதே கையில் கேமராவோடு வருகிறாள். ரீல்ஸ் வெட்டி ஒட்டிப் பழகியிருக்கிறாள். மென்பொருளைப் பற்றி அவளுக்குத் தெரியாததை யூடியூபில் யாரோ ஒருவர் தமிழிலேயே, காசில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார். நீங்கள் பாடத்திட்டத்தில் ஒரு மென்பொருளைச் சேர்த்து, அது குழுவில் நிறைவேறி, கருவி வாங்கி, வகுப்புக்கு வருவதற்குள் சந்தையில் வேறொன்று வந்துவிடுகிறது. எழுத்தைக் கொடுத்தால் காட்சியைத் தரும் செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்த ஓட்டத்தில் நீங்கள் ஜெயிக்க வழியே இல்லை. கையால் செய்யும் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எடிட் செய்து பார்க்காதவனுக்கு எடிட்டிங்கின் வலிமை புரியாது. ஆனால் மூன்று வருடப் பட்டத்தைத் தாங்கும் தூண் அதுவாக இருக்க முடியாது. 'இதெல்லாம் ஆறு மாசத்துல யூடியூப்ல கத்துக்கலாம், எதுக்கு மூணு வருசம்?' என்று கேட்கிறவர்களிடம் நீங்கள் தோற்றுப்போவது, அவர்கள் சொல்வது உங்கள் இப்போதைய பாடத்திட்டத்துக்கு அப்படியே பொருந்துவதால்தான்.

அப்படியானால் யூடியூபில் கிடைக்காதது எது? 2018இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்ற வாட்ஸப் வதந்தி நாடு முழுக்கப் பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, கோவிலுக்கு வந்த வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டி ஊர்க்கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த மாதங்களில் இந்தியாவில் அதிகம் சுற்றிய காணொளிகளில் ஒன்று, இருவர் பைக்கில் வந்து தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலத்தில், தூக்கிப் போனவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரே ஒரு வெட்டு. அதை எப்படிச் செய்வது என்பதை உங்கள் துறை இரண்டாம் ஆண்டிலேயே கற்றுக்கொடுக்கிறது. வெட்டப்பட்ட காட்சியைப் பார்க்கும்போது இதற்குப் பின்னால் என்ன இருந்திருக்கும், இது எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது, இதை அனுப்புகிறவனுக்கு என்ன லாபம் என்று கேட்கும் பழக்கத்தை எந்த ஆண்டில் கற்றுக்கொடுக்கிறீர்கள்?

இது ஒருமுறை நடந்து முடிந்த கதையும் இல்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் வட இந்தியா முழுக்கப் பரவின. வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக நடந்த கொலைகளின் காட்சிகள் அவற்றில் இருந்தன. ஒன்று பாட்னாவிலேயே ஆள் வைத்து நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறை சொன்னது. பீகார் அரசு இங்கே ஒரு குழுவையே அனுப்பிவைத்தது. தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தொடங்கியதால் திருப்பூரின் தொழில் அதிபர்கள் பதறிப்போனார்கள். அந்த வாரத்தில் தமிழ்நாட்டுக்குத் தேவைப்பட்டவர் யார் என்று யோசியுங்கள். ஒரு காணொளியிலிருந்து ஒரு சட்டகத்தை எடுத்துத் தேடி மூலத்தைக் கண்டுபிடிக்கவும், பின்னணியில் தெரியும் கடைப் பலகையையும் வண்டி எண்ணையும் வைத்து இடத்தைச் சொல்லவும், அதை இந்தியிலும் தமிழிலும் தெளிவாக எழுதவும் தெரிந்த ஆயிரம் இளைஞர்கள். நம்மிடம் இத்தனை ஊடகத் துறைகள் இருந்தும் அந்த ஆயிரம் பேர் இல்லை. காவல்துறைதான் மறுப்பு வெளியிட்டுக்கொண்டிருந்தது. எது மெய், எது பொய் என்று சொல்லும் வேலையை அரசே ஏற்றுக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தனிக் கவலை. ஒன்றிய அரசு தனக்கென உண்மை சரிபார்ப்புப் பிரிவு வைத்துக்கொள்ள வழிசெய்த விதியை 2024இல் பம்பாய் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வேலையை அரசிடம் விடாமல் செய்யக்கூடிய படித்த குடிமக்களை உருவாக்கும் இடம் உங்கள் வகுப்பறை.

சட்டத்துக்கு வருகிறேன். ஊடகச் சட்டம் என்றொரு தாள் உங்களிடம் இருக்கிறது. அதில் பிரிவு எண்களை ஒப்பிக்க வைத்துப் பத்து மதிப்பெண் கேள்வியோடு முடித்துவிடுகிறீர்கள். இந்தியாவின் கருத்துச் சுதந்திர வரலாற்றில் பெரிய வழக்குகள் பலவும் நம் ஊரில் பிறந்தவை என்பது மாணவர்களுக்குத் தெரியுமா? 'கிராஸ்ரோட்ஸ்' என்ற வார இதழைச் சென்னை மாகாண அரசு தடுத்ததால் வந்தது 1950இன் ரொமேஷ் தாப்பர் வழக்கு. அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு அது ஒரு காரணம். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல, வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்தை அடக்கக் கூடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடலாமா என்ற கேள்வியிலிருந்து 1994இல் வந்த தீர்ப்புதான், தனிமனித அந்தரங்கத்துக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் நடுவே கோடு போட்டது. அந்தரங்க உரிமை பற்றிப் பேசும் எவரும் இன்றும் அதைத் தொட்டுத்தான் பேசுகிறார்கள். 1987இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காகச் சட்டமன்றம் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பியது; அவர் வழக்குத் தொடுத்து வென்றார். 2025இல் அதே நிறுவனத்தின் இணையதளம் ஒரு கார்ட்டூனுக்காக முடக்கப்பட்டு, உயர்நீதிமன்றம் சென்றபின் திறந்தது. இந்த ஐந்தையும் கதைபோல் சொல்லி விவாதிக்க வைத்தால் ஒரு பருவம் போதாது. எந்த மாணவனும் தூங்கவும் மாட்டான்.

மாணவரைப் படைப்பாளியாக மட்டும் பார்ப்பதால் சட்டம் உங்களுக்குச் சலிப்பான தாளாகத் தெரிகிறது. ஆனால் இன்று வெளியிடும் ஒவ்வொருவரும் பதிப்பாளர்தான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளான மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. உயர்நீதிமன்றம் தலையிட்டு, அரசு அவருக்கு இழப்பீடு தர உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த அறிக்கையைக் கைப்பேசிகளில் கைமாற்றியவர்களில் எத்தனை பேருக்கு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் என்று தெரிந்திருக்கும்? சட்டம் இன்னும் சரியாக எட்டாத கேள்விகளும் வந்துவிட்டன. 2024இல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட கலைஞர் ஒரு விழாவில் பேசினார். சில வாரங்களில் ஜெயலலிதாவின் குரலில் ஓர் உரை வெளியானது. அதே ஆண்டு 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் மீண்டும் பாடவைத்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அரசியல் கட்சி தன் தலைவரின் குரலை எழுப்ப யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இறந்தவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்தால் அது பொய்யா, நாடகமா? இந்தக் கேள்விகளைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒரு மனிதர் ஒவ்வொரு செய்தி அறையிலும் விளம்பர நிறுவனத்திலும் கட்சி அலுவலகத்திலும் வேண்டும். அந்தப் பயிற்சியை மென்பொருள் வகுப்பு தராது.

இன்னொரு மனக்குறை. மேற்கத்தியத் தொடர்பியல் அறிஞர்களான மக்லூகனும் லாஸ்வெல்லும், தொடர்பியல் மாதிரிகளின் அம்புக்குறிப் படங்களும் உங்கள் முதல் பருவத்தில் தவறாமல் இருக்கின்றன. இருக்கட்டும். ஆனால் இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ், 1578இல் கொல்லத்தில். 'சுதேசமித்திரன்' 1882இல் தொடங்கியது. பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' 1906இலேயே கருத்துப் படங்களை வெளியிட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் செய்தித்தாள் என்ற கொள்கையோடு 'தினத்தந்தி' 1942இல் மதுரையில் பிறந்தது. அண்ணாவில் தொடங்கி ஜெயலலிதா வரை ஐந்து முதலமைச்சர்கள் திரையுலகத் தொடர்பு உள்ளவர்கள். உலகில் வேறெங்கும் திரைக்கும் ஆட்சிக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு இருந்ததா என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து தங்கி ஆராய்கிறார்கள். தியடோர் பாஸ்கரன், கார்த்திகேசு சிவத்தம்பி, எம்.எஸ்.எஸ். பாண்டியன், ஆ. இரா. வேங்கடாசலபதி ஆகிய ஆய்வாளர்கள் எழுதியவற்றை வைத்தே ஒரு முழுத் தாள் நடத்தலாம். 1993இல் சன் டிவி வந்தபிறகு கட்சிக்கு ஒரு சேனல் என்று ஆன கதையை, யார் முதலாளி, விளம்பரம் எங்கிருந்து வருகிறது, கேபிள் யார் கையில் என்ற கேள்விகளோடு படித்தால், அந்த மாணவி அதற்குப்பின் எந்தச் செய்தியையும் பழையபடி பார்க்க மாட்டாள். எத்தனை துறைகளில் இது தனித் தாளாக இருக்கிறது? விடை உங்களுக்கே தெரியும். முதல் நான்கு பருவங்களில் தமிழும் ஒரு தாளாக இருக்கும். அந்தத் தாளுக்கும் உங்கள் துறைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கடைசியில் ஒரு பத்திச் செய்தியைப் பிழையில்லாமல் எழுத வராத ஊடகப் பட்டதாரியைச் செய்தி ஆசிரியர் தலையில் கட்டுகிறீர்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. நல்ல பத்திரிகையாளர் வேண்டுமென்றால் பொருளாதாரமோ சட்டமோ வேளாண்மையோ படித்தவரை எடுத்து ஆறு மாதம் பழக்கினால் போதும், ஊடகத்தை மட்டும் படித்தவருக்கு எழுத ஒரு விஷயம் இருக்காது என்பார்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை. காவிரி நீர்க் கணக்கையோ மாநில பட்ஜெட்டையோ படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர் கேமரா முன்னால் நன்றாகப் பேசி என்ன பயன்? அடுப்பு பற்றவைக்கத் தெரிந்தால் மட்டும் சமையல் ஆகிவிடாது. இதற்குப் பதில் பட்டத்தை மூடுவது அல்ல, துணைப்பாடத்தை மதிப்பது. இப்போது துணைப்பாடம் என்பது ஒப்புக்குக் கடந்துபோகும் தாள். அதை மாற்றி, ஒவ்வொரு மாணவரும் மூன்றாண்டும் ஒரே துறையைத் தொடர்ந்து படிக்கச் செய்யுங்கள்: பொது சுகாதாரம், உள்ளாட்சி நிதி, கடலோர வாழ்வு, எது வேண்டுமானாலும். பொருளாதாரம் படித்தவருக்குப் பொருளாதாரம் தெரியும். ஆனால் ஒரு புள்ளிவிவரம் தலைப்பாக மாறும்போது என்ன திரிகிறது, ஒரு படம் எந்தக் கோணத்தில் வைக்கப்பட்டால் யார் குற்றவாளியாகத் தெரிவார் என்பதை அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் துறை உங்களுடையது மட்டும்தான்.

நிர்வாகத்தின் மறுப்பு வேறு மாதிரி. "சினிமா என்று சொல்லாவிட்டால் சீட் நிரம்பாது." வெளிப்படையான பேச்சு, அதனால் மதிக்கிறேன். ஆனால் கணினி வேலை என்ற ஒரே வாக்குறுதியில் தெருவுக்குத் தெரு முளைத்த பொறியியல் கல்லூரிகளின் கதி உங்கள் கண் முன்னால் நடந்தது. வாக்குறுதி பொய்த்ததும் கலந்தாய்வில் இடங்கள் காலியாகக் கிடந்தன, பல கல்லூரிகள் மூடப்பட்டன. பெற்றோர் ஒருமுறை ஏமாறுவார்கள். அண்ணனின் கதையைப் பார்த்துத் தம்பியை வேறு இடத்தில் சேர்ப்பார்கள். வேலை கிடைக்கும் இடங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: உண்மை சரிபார்ப்பு மேசை, வசன வரிகளும் மொழிபெயர்ப்பும், மருத்துவமனை, தொண்டு நிறுவனம், அரசுத் துறைகளின் மக்கள் தொடர்பு, ஓடிடி தளங்களுக்கான உரிமம் சார்ந்த வேலை, கட்சிகளின் தேர்தல் அறைகள், மாவட்ட அளவிலான யூடியூப் செய்திகள். இவை எதுவும் பேனரில் போடும் அளவுக்குக் கவர்ச்சியானவை அல்ல. ஆனால் எழுதத் தெரிந்த, சட்டம் தெரிந்த, சரிபார்க்கத் தெரிந்த ஆள் இங்கெல்லாம் தேவை. இதற்குமேல் பள்ளிகளும் இருக்கின்றன. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018இலேயே அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்பு நடத்தினார்கள். தமிழ்நாட்டில் அதைத் தொடங்கும் நாளில் யார் கற்பிப்பது? உங்கள் பட்டதாரிகள் தயாராக இருந்தால் அவர்கள். இல்லாவிட்டால் யாரோ ஒரு நிறுவனம் செயலி விற்க வரும்.

இன்டர்ன்ஷிப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்கில் சம்பளமின்றி, சில இடங்களில் பேருந்துச் செலவுகூட இல்லாமல், சேனல்களிலும் தயாரிப்பு அலுவலகங்களிலும் உங்கள் மாணவர்கள் வேலை செய்கிறார்கள். சென்னையில் தங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தாக்குப் பிடிக்கும். சங்கரன்கோவிலிலிருந்தோ அரூரிலிருந்தோ வந்த பிள்ளை பாதியில் ஊர் திரும்பும். ஊடகத்தில் யார் குரல் ஒலிக்கிறது என்று வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, யார் குரல் ஒலிக்காமல் போக வேண்டும் என்பதை நீங்களே அனுப்பிவைக்கும் கடிதத்தால் முடிவு செய்கிறீர்கள். சான்றிதழில் முத்திரை குத்தும் கை உங்களுடையது. உதவித்தொகை தராத நிறுவனத்துக்கு ஆள் அனுப்புவதில்லை என்று பத்துத் துறைகள் சேர்ந்து முடிவெடுத்தால் இந்தப் பழக்கம் நிலைக்காது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் கருவி சார்ந்த தாள்களில் இரண்டையாவது குறைத்து, அந்த இடத்தில் தமிழ் ஊடக வரலாற்றையும் செய்திச் சரிபார்ப்பையும் வையுங்கள். முன்னதைத் தமிழ்த் துறையோடு சேர்ந்து தமிழிலேயே நடத்துங்கள். சட்டத் தாளை வழக்குகளின் வழியாகக் கற்பியுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வாரம் ஒருமுறை அழைத்தால் வருவார். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குக் குறும்படம்தான் என்ற வழக்கத்தைத் தளர்த்தி, தன் மாவட்டத்தின் ஒரு பிரச்சினையைத் தகவல் அறியும் உரிமை மனுவோடும் ஆவணங்களோடும் விசாரித்து எழுதும் மாணவருக்கும் சம மதிப்பெண் கொடுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையே திருத்தியிருக்கிறது. அதனால் கதவு எவ்வளவு சாத்தப்பட்டிருக்கிறது என்பதை அந்த மாணவரே மனுப் போட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இவற்றுக்கெல்லாம் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வீர்கள். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. மற்றவர்கள், எந்த அனுமதியும் தேவைப்படாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். இந்த முறை சேர்க்கை தொடங்கும்போது, முன்னாள் மாணவரின் சினிமா பேனரைக் கழற்றிவிட்டு, சென்ற ஆண்டு உங்கள் துறையில் படித்து முடித்தவர்கள் ஒவ்வொருவரும் இன்று என்ன வேலையில், எவ்வளவு சம்பளத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு வேலையே இல்லை என்ற பட்டியலைப் பெயரில்லாமல் அந்த இடத்தில் ஒட்டுங்கள்.